கொளுத்துவது சூரியன், உழைப்பது இதயம்

கே: வெயிலில் தோல்தானே கறுக்க வேண்டும்? நெஞ்சு ஏன் படபடக்கிறது? (வேலூர் வாசகர்)

ப: உடம்புக்குள் இருக்கும் சூட்டைத் தோல்வரை சுமந்துவந்து வெளியே தள்ளுவது ரத்தம். அதற்காகத் தோலடி ரத்தக் குழாய்கள் விரியும், இதயம் வேகமாக அடிக்கும். நடுவே நீரும் உப்பும் வியர்வையாய்ப் போக, ரத்தம் கெட்டிப்படும். மதியம் முழுக்க ஓவர்டைம்!

கே: வெயிலில் செத்தார் என்கிறார்கள், சர்டிபிகேட்டில் மாரடைப்பு என்றிருக்கிறதே?

ப: இரண்டும் சரி. வெயில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாது. அதனால்தான் வழக்கமான சாவுக் கணக்கோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் கூடுதல் சாவு 70,000-க்கு மேல். பிரான்சில் மட்டும் சுமார் 15,000, பெரும்பாலும் முதியவர்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் 1,344. அந்த ஊர் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, 2013-ல் வெப்பச் செயல்திட்டம் போட்டது. தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது 2024-ல்.

கே: வேலூரில் 42 டிகிரி, சென்னையில் 38. சென்னைக்காரர்கள் நாங்கள் தப்பித்தோமா?

ப: வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னையின் ஈரக் காற்றில் அது காயாமல் சொட்டும்.

கே: ராத்திரிதான் வெயில் இல்லையே?

ப: கான்கிரீட் கூரைக்கு அடியில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுக் கேளுங்கள். பகலில் குடித்த சூட்டை அது விடிய விடியக் கக்கும். இதயம் இளைப்பாறும் நேரமும் போச்சு.

கே: அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். கோடையில் நிறுத்திவிடலாமா?

ப: கூடவே கூடாது. நீர் பிரிய வைக்கும் மாத்திரை உடம்பை வற்றவைக்கலாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாது. வெயிலில் இரண்டும் சிக்கல்தான். ஆனால் அளவை மாற்ற வேண்டியவர் டாக்டர், மகன் அல்ல. மார்ச் மாதமே போய்க் கேளுங்கள். இதயம் பலவீனமென்று தண்ணீருக்கு அளவு வைத்திருந்தால், கோடையில் எத்தனை டம்ளர் என்றும் கேளுங்கள்.

கே: கடல் மட்டம் உயர்ந்தால் இதயத்துக்கு என்ன?

ப: வங்கதேசத்தின் குல்னா பக்கம் கேளுங்கள். கடல்நீர் புகுந்து, குடிக்கிற குளத்திலும் கிணற்றிலும் உப்பு ஏறிவிட்டது. கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் அந்த உப்புக்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. உப்பைக் குறை என்பார் டாக்டர். குடத்தில் வருவதை அந்தப் பெண் எப்படிக் குறைப்பாள்?

கே: மதியம் வேலையை நிறுத்தினால் கூலி யார் தருவார்? (சித்தாள், ஓசூர்)

ப: இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கான்ட்ராக்டர், அம்மா. வேலையை விடியலுக்கும் சாயங்காலத்துக்கும் தள்ளிப்போடட்டும். கூலியும் குறையாது, ஆளும் குறையாது.