குத்துவிளக்கும் உள்ளீட்டு வரியும்

நந்தம்பாக்கம் வர்த்தக மையமோ, கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டோ, கம்பெனியின் டீலர் மாநாடு என்றால் குத்துவிளக்கு உண்டு. ஐந்து முகத்துக்கு ஏழெட்டு வி.ஐ.பி.க்கள். பிறகு பவர்பாயிண்ட். சரக்கு ஏன் நகரவில்லை என்று வாய்திறக்க வந்த டீலருக்குச் சால்வை போர்த்தி உட்காரவைத்துவிடுவார்கள். கேள்வி நேரத்தை மதியச் சாப்பாடு விழுங்கிவிடும்.

இதனால் வியாபாரத்துக்கு என்ன லாபம் என்று அளக்கத் தனியாக ஓர் ஆலோசகர், அவருக்கும் ஃபீஸ். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு ஃபீஸ் இல்லாமலே சொல்கிறது: சாப்பாட்டுச் செலவுக்குப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பிரியாணிக்குக் கட்டிய வரி போனது போனதுதான்.

உருப்படியான பேரம் ஏதாவது படிந்திருந்தால், அது கைகழுவும் இடத்தில் படிந்திருக்கும். அடுத்த ஆண்டு அங்கே நாலு நாற்காலி போட்டால் தேவலை.