கம்பைல் செய்ததா, சுத்த பெர்லா?

கேள்வி: சிஎஸ்வி கோப்புகளைப் படிக்க பெர்லில் இரண்டு மாட்யூல்கள் இருக்கின்றன. ஒன்று சி மொழியில் எழுதி கம்பைல் செய்தது, இன்னொன்று முழுக்க பெர்லிலேயே எழுதியது. எதை எடுப்பது?

பதில்: இரண்டுக்கும் மேலே ஒரு தரகர் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவில்லையா? ‘டெக்ஸ்ட்::சிஎஸ்வி’ என்று போட்டால் அது முதலில் சி-யில் எழுதிய ‘சிஎஸ்வி_எக்ஸ்எஸ்’ஸைத் தேடும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் ‘சிஎஸ்வி_பிபி’யை வைத்து ஒப்பேற்றிவிடும். உங்கள் புரோகிராமில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம்.

அந்தச் சத்தமில்லாமல்தான் வில்லங்கம். உங்கள் மெஷினில் டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை, எக்ஸ்எஸ் இல்லாத சர்வரில் சாப்பிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் லட்சக்கணக்கான வரிகள் என்றால் தரகரை விட்டுவிட்டு எக்ஸ்எஸ்ஸையே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இல்லாத இடத்தில் எரர் கொடுத்து உடனே நிற்கும். நல்லதுதானே!

ஆனால் அதை நிறுவ சி கம்பைலர் வேண்டும். வாடகை சர்வரில் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். பெர்லை 5.36-இலிருந்து 5.38-க்கு ஏற்றினால் மறுபடியும் கம்பைல். பிபி கட்டுச்சோறு மாதிரி, எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். ‘ஆப்::ஃபேட்பேக்கர்’ வைத்து ஸ்கிரிப்டோடு ஒரே கோப்பாகவும் கட்டிவிடலாம். எக்ஸ்எஸ் அதற்கெல்லாம் மசியாது. சில நூறு வரிகள்தான் என்றால் என் ஓட்டு பிபிக்கே.

இரண்டும் வேண்டாம், கமாவைப் பார்த்து ‘ஸ்பிளிட்’ போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். மேற்கோள் குறிக்குள் “12, வடக்கு வீதி, முதல் மாடி” என்று ஒரு முகவரி வந்தால் போதும், வாடிக்கையாளரின் வீடு மூன்று கட்டங்களில் சிதறிக் கிடக்கும்.