கைடுக்கே கைடு

சிங்கப்பூரில் பிள்ளைகள் வேலை பார்க்க, அவர்கள் வீட்டில் சில வாரம் தங்கிப் போக வரும் ஓய்வுபெற்ற அப்பாக்களில் ஒரு ரகம் உண்டு. மெர்லயனைப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா?” என்பார். மரினா பே தோட்டத்து ராட்சத மரங்கள் பாட்டுக்கு ஏற்ப மினுக்கும்போது கூட்டமே அண்ணாந்து பார்க்கும். இவர் மட்டும் இங்கே கரண்டு யூனிட் என்ன விலை என்று விசாரிப்பார். செந்தோசாவுக்குப் போனால் பேரன் யுனிவர்சல் ஸ்டூடியோ பக்கம் இழுப்பான், இவர் சிலோசோ கோட்டை பக்கம் இழுப்பார். அங்கே நிற்கும் ஆறு அங்குல பீரங்கியைத் தடவிக்கொடுக்கும்போது இவர் முகத்தில் வரும் வெளிச்சத்தைக் கண்ட பிறகுதான் மாப்பிள்ளைக்கு விஷயம் பிடிபடும். மாமா ஊர் பார்க்க வரவில்லை, யுத்தம் பார்க்க வந்திருக்கிறார்.

யுத்த மாமா என்றே வைத்துக்கொள்வோம். பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. “நான் சர்வீஸ்ல இருந்தப்போ...” என்று இவர் ஆரம்பித்ததும் புது ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சர்வீஸ் என்பது மின்வாரியத்தில் முப்பது சொச்சம் வருஷம். கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் சுட்ட சில தோட்டாக்கள்தான் மொத்தப் போர் அனுபவம். அவையும் பக்கத்துப் பையனின் அட்டையில் போய்ப் பட்டதாகக் கேள்வி. ஆனால் ஸ்டாலின்கிராடும் எல் அலமெய்னும் கோஹிமாவும் அவருக்கு மாம்பலம், சைதாப்பேட்டை மாதிரி. எந்தப் படைப்பிரிவு எந்த ஆற்றை எந்தத் தேதியில் தாண்டியது என்று தூக்கத்திலும் சொல்வார். பேரன் எத்தனாவது படிக்கிறான் என்று கேட்டால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார்.

இவருக்கு ஏன் தனி கைடு? கும்பலோடு போகும் சுற்றுலாவை ஒருமுறை முயன்று பார்த்தார்கள். கைடு ஒரு வாக்கியம் சொல்ல, மாமா மூன்று வாக்கியம் திருத்த, அரை மணி நேரத்தில் பாதிக் கூட்டம் மாமாவைச் சுற்றியும் மீதிக் கூட்டம் கழிப்பறையைத் தேடியும் போய்விட்டது. அதனால் மாப்பிள்ளை பணம் கட்டித் தனி வண்டி, தனி கைடு ஏற்பாடு செய்தார். விஷயம் தெரிந்துகொள்ளத்தான் கைடு வைப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த ரகத்தைச் சந்தித்ததில்லை. இவருக்கு வேண்டியது காது. அதுவும் சம்பளம் வாங்கும் காது. வீட்டில் இலவசமாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுகள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன.

வண்டியில் ஒரு இடம் காலியாக இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன். மாமா முன்பக்கம் முழுவதும் பைகளாலான காக்கி ஜாக்கெட்டில் வந்தார். ஒரு பையில் லேமினேட் செய்த வரைபடம், ஒரு பையில் பூதக்கண்ணாடி, ஒரு பையில் பிரஷர் மாத்திரை. கையில் குடை, சுட்டிக்காட்டுவதற்கு. கைடு ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்த் தமிழ் அம்மாள். அங்கே உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்ய முடியாது. அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மாமா அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டுத் தலையசைத்தார். நேர்முகத் தேர்வு முடிந்தது.

“வணக்கம் சார். நாம முதல்ல போகப்போறது...”

“ஃபோர்டு ஃபேக்டரி. அப்பர் புக்கித் தீமா ரோடு. 1941-ல கட்டினது. தென்கிழக்கு ஆசியாவில ஃபோர்டோட முதல் கார் அசெம்பிளி அங்கதான். மேல சொல்லுங்கம்மா.”

இந்த ‘மேல சொல்லுங்கம்மா’தான் மாமாவின் ஆயுதம். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால் சொல்லிக்கொள் என்று பெருந்தன்மையாக வழிவிடுவது.

அந்தத் தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை மாலை, பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். சீனப் புத்தாண்டு நாள். கைடுகள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வெடியைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். இந்த அறைக்கான வெடி, யமஷிதா ஆடியது வெறும் மிரட்டல் என்பது. அவரிடம் இருந்தது முப்பதாயிரம் சொச்சம் பேர், குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன. எதிரில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அம்மாள் நிதானமாகத் திரி கிள்ளிக்கொண்டிருந்தார். “ஆனா யமஷிதாகிட்ட ஒரு ரகசியம் இருந்துச்சு சார்...”

“ஸ்டாக் இல்ல. ப்ளஃப்பு! மேல சொல்லுங்கம்மா.”

வெடி புஸ்ஸென்று போயிற்று. அம்மாள் வாட்டர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். மாமா அதற்குள் குடையால் மேசையைக் காட்டி, “இது டூப்ளிகேட். ஒரிஜினல் மேசை கான்பெராவில, ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில இருக்கு” என்றார். பிறகு, யமஷிதா அதட்டிக் கேட்டதாகப் பிரசித்தமான அந்தக் கேள்வியை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்டார்.

“யெஸ்ஸா, நோவா?”

“யெஸ்தான் மாமா.”

“அவ்வளவு சீக்கிரம் சொல்லக்கூடாது மாப்ளே. பெர்சிவல் இழுத்தடிச்சார்.”

மாப்பிள்ளை இழுத்தடித்து மறுபடி சரணடைந்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆன மனிதர், பழக்கம் இருந்தது.

அடுத்த கூடத்தில் ஆக்கிரமிப்புக் காலம். ஊர் பெயரை ‘சியோனான்’ என்று மாற்றியது, வாழை மரம் அச்சிட்ட நோட்டு, ஊர் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்தில் ஓட விட்டது. இந்தப் பெயர் இன்னும் சுடும். 2017-ல் இதே கூடத்துக்கு ‘சியோனான்’ என்று பெயர் வைத்துவிட்டு, மக்கள் கொதித்ததும் திறந்த சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள். மாமா டோக்கியோ நேரத்தை எடுத்துக்கொண்டு முழங்கினார். “நேரத்தை மாத்தறதுதான் அடிமைப்படுத்தறதோட முதல் படி.” சொல்லிவிட்டு மணி பார்த்து, “இன்னும் ஒன்பதுகூட ஆகலியே” என்றார். பதினொன்று இருபது. மாமாவின் கைக்கடிகாரம் வந்திறங்கிய நாளிலிருந்து சென்னை நேரத்தில்தான் ஓடுகிறது.

புக்கித் சந்துவுக்குப் போனோம். அந்தக் காலத்தில் அபின் பொட்டலம் கட்டிய இடம் என்பதால் மலைக்கே அபின் மலை என்று பெயர். மலாய் ரெஜிமெண்ட் கடைசிவரை நின்று போரிட்ட இடம். லெப்டினன்ட் அட்னான் சைடி உயிர் விட்டது இங்கே. ஜப்பானியர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பஞ்சாபிச் சிப்பாய்களைப் போல வேஷம் போட்டு வந்தார்களாம். பிரிட்டிஷ் முறையில் வரிசைக்கு மூன்று பேராக நடப்பார்கள், வந்தவர்கள் நான்கு நான்கு பேராக வந்ததால் அட்னானின் ஆட்கள் கண்டுபிடித்துச் சுட்டார்கள் என்று கதை. இது வாயால் மட்டும் சொல்லும் கதை இல்லை என்று மாமா முடிவு செய்தார். மாப்பிள்ளை, நான், பேரன், வண்டி டிரைவர் நான்கு பேரும் வரிசையாக மேட்டில் ஏறி வர வேண்டியதாயிற்று. டிரைவர் சீனக் கிழவர். எதற்காக நடக்கிறோம் என்று கடைசிவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்களில் ஒழுங்காகக் கால் மாற்றியது அவர் ஒருவர்தான். மேலே நின்று மாமா குடையைத் துப்பாக்கியாக்கி எங்களை வீழ்த்தினார். பேரன் மட்டும் மனப்பூர்வமாகச் செத்தான்.

இப்படி வென்றுகொண்டே போனவருக்கு முதல் அடி டாங்ளின் பக்கம் விழுந்தது. வண்டி போய்க்கொண்டிருக்கும்போது மாமா ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை எடுத்தார். மதராஸ்காரர், எடுக்காமல் இருப்பாரா? “எங்க ஊர்மேல நேராவே குண்டு போட்டான்மா. 1914 செப்டம்பர் 22. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டாங்கு எல்லாம் பத்தி எரிஞ்சுது. எங்க பாட்டிக்கு அப்ப ஒன்பது வயசு.”

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். “அந்த எம்டன் ஆளுங்க சில பேரை இந்த டாங்ளின் முகாம்லதான் சார் அடைச்சு வச்சிருந்தாங்க.”

மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

“நவம்பர்ல கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடிச்சு முடிச்சுது இல்லையா? எம்டனோட ஆபீசர் லாட்டர்பாக் இங்க கைதி. மறுவருஷம் இங்கிருந்த இந்தியச் சிப்பாய்ங்க, அஞ்சாம் லைட் இன்ஃபன்ட்ரி, கலகம் பண்ணி இந்த முகாமைத் திறந்துவிட்டாங்க. அந்தக் குழப்பத்தில ஆளு கம்பி நீட்டிட்டாரு. கலகம் தொடங்கின தேதி 1915 பிப்ரவரி 15.” கொஞ்சம் நிறுத்தி, “மேல நீங்க சொல்லுங்க சார்” என்றார்.

பிப்ரவரி 15! சரணடைந்ததும் அதே தேதி, இருபத்தேழு வருஷம் கழித்து. மாமா ஜாக்கெட்டின் ஏழாவது பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிப்பதற்கு மட்டுமே அதுவரை திறந்த நோட்டில் அன்றைக்குத்தான் எழுதினார் என்று மாப்பிள்ளை பிற்பாடு என் காதில் சொன்னார்.

சாப்பாடு ரேஸ் கோர்ஸ் ரோட்டில், வாழை இலையில். பக்கத்து ஃபேரர் பார்க்கில்தான் 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி சுமார் நாற்பத்தைந்தாயிரம் இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள்; மேஜர் ஃபுஜிவாரா பேசினார், கேப்டன் மோகன் சிங் பேசினார், இந்திய தேசிய ராணுவத்துக்கு விதை விழுந்தது. மாமா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பரிமாறுகிறவர் மீன் தலைக் கறிச் சட்டியோடு பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். மாமாவின் மனைவி, அத்தை, அதுவரை பேசவே இல்லை. இப்போது வாயைத் திறந்தார். “யெஸ்ஸா, நோவா? சட்டுனு சொல்லுங்க. அவர் கை சுடுது.”

சாங்கிக்குப் போகும் வழியில் அம்மாளின் வியூகம் மாறிவிட்டது. ஜொகூர் பேட்டரியில் பதினைந்து அங்குல பீரங்கியின் மாதிரி நிற்கிறது. சிங்கப்பூரின் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டு, எதிரி பின்பக்கம் தரை வழியாக வந்ததும் பல்லிளித்தன என்று உலகமே நம்பும் கதை. அது சரியில்லை, பல பீரங்கிகள் திரும்பின, சுடவும் செய்தன. இருந்த குண்டுகளில் பெரும்பகுதி கப்பலின் இரும்பைத் துளைப்பதற்கானவை, காலாட்படைமேல் விழுந்து பெரிய பிரயோஜனம் இல்லை. இந்த மாதிரி ‘உலகம் நினைப்பது தப்பு’ வகையறா யுத்த மாமாக்களுக்கு அல்வா. அம்மாள் இறங்கினதுமே, “சார், இந்தப் பீரங்கி விஷயத்தை நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அவ்வளவு எடுபடாது” என்றார். மாமா கால் மணி நேரம் பொழிந்தார். அம்மாள் நிழலில் உட்கார்ந்து வாட்ஸ்அப்புக்குப் பதில் போட்டார். ஆளைப் பார்த்து விட்டுப் பிடிக்கத் தெரிந்தவர். உரிமத் தேர்வில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று தோன்றவில்லை.

கடைசியாக சாங்கி அருங்காட்சியகம். மாமா எந்த முகாமில் எந்தப் படைப்பிரிவு இருந்தது என்று சுவரில் தேடிக்கொண்டிருக்க, அத்தை கைடைக் கேட்டார்:

“ஏம்மா, அத்தனை ஆயிரம் பேரு கையைத் தூக்கிட்டாங்க, சரி. மறுநாள் காலையில அவங்களுக்கு யாரு சமைச்சா?”

“ராணுவத்துக்கு ரேஷன் இருக்கும்” என்றார் மாமா, திரும்பாமலே.

அம்மாளின் முகம் மாறியது. காலையிலிருந்து அவரிடம் யாரும் கேள்வியே கேட்டிருக்கவில்லை. அரிசி எப்படிக் குறைந்துகொண்டே வந்தது, கைதிகள் எப்படித் தோட்டம் போட்டார்கள், வெளியே ஊர்சனம் எப்படி மரவள்ளிக்கிழங்கில் காலம் தள்ளியது என்று சொன்னார். அறுநூறு பேருக்குக் கட்டிய சாங்கிச் சிறையில் ஏறத்தாழ மூவாயிரம் பொதுமக்களை அடைத்திருந்தார்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி. எதல் மல்வானி என்ற கனடாக்காரப் பெண்மணி, பசியை மறக்க எல்லாரையும் உட்கார வைத்துக் கற்பனை விருந்து நடத்தினார். அவரவர் வீட்டுப் பண்டங்களைச் செய்முறையோடு சொல்லச் சொல்லி எழுதினார்கள். விடுதலையாகி ஊர் திரும்பியதும் அதைச் சமையல் புத்தகமாகவே அச்சடித்து விற்று, வந்த பணத்தில் முன்னாள் கைதிகளுக்கு உணவுப் பொருள் அனுப்பினார். மெத்தை விரிப்புகளில் துண்டு துண்டாகப் பூத்தையல் போட்டு, வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தெரிவித்ததும் இந்தப் பெண்கள்தான். விரிப்புக்கு அறுபத்தாறு சதுரம்.

“அந்த விரிப்பு இப்ப எங்கம்மா இருக்கு?” அத்தை.

“மூணில ரெண்டு கான்பெராவில.”

“அங்கேயா? மேசைகூட அங்கதானே இருக்கு” என்றார் மாமா. எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை அவசரமாகச் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். அவருடைய தங்கை இருப்பது சிட்னியில்.

விடைபெறும்போது மாமா அம்மாளிடம், “நல்லா தயார் பண்ணியிருக்கீங்க. இன்னும் கொஞ்சம் படிச்சீங்கன்னா எங்கயோ போயிடுவீங்க” என்று ஆசீர்வதித்து, லேமினேட் செய்த வரைபடத்தைப் பரிசாகக் கொடுத்தார். அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வண்டி கிளம்பியதும் சென்னையில் இருக்கும் சிநேகிதரைக் கூப்பிட்டார் மாமா. அவரும் இதே ரகம்போல. “பீரங்கி, யமஷிதா எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்பா. ஜெயில்ல பட்டினியா உட்கார்ந்து பொம்பளைங்க சமையல் புஸ்தகம் எழுதினாங்களே, அது தெரியுமா உனக்கு? தெரியாதா? நான் எப்பவோ படிச்சிருக்கேன்.” மறுமுனை ஏதோ கேட்டிருக்க வேண்டும். மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு பின்சீட்டைப் பார்த்தார்.

“அந்தம்மா பேரு என்ன?”

“எதல் மல்வானி” என்றார் அத்தை, கண்ணை மூடியபடியே.

“எதல் மல்வானி” என்றார் மாமா போனில். “எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதானேப்பா.”