பிறப்பிடம், வதிவிடம், தொடர்புகளுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

வெளிநாட்டுச் சனம் இப்ப என்ன வாசிக்குது, என்ன பார்க்குது, என்ன கேட்குது என்று எழுதிக் கேட்டிருந்தாய். அ. முத்துலிங்கம், ஷோபாசக்தி என்று எழுத்தாளர்களின் பெயர் சொன்னால் நம் ஊர் கீரியில் எனக்கு மரியாதை கூடும். அவர்களுக்கும் இங்கே வாசகர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நம்மவர்கள் ஒருநாளும் தவறாமல் வாசிப்பது மரண அறிவித்தல். நல்ல நாவலைப் பத்தாம் பக்கத்தில் மூடிவைக்கிற ஆள், முன்பின் தெரியாத ஒருவரின் மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் வரை ஒரு பெயர் விடாமல் படித்து முடிக்கிறார்.

சிரிக்காதே. நம் சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு எவரும் எழுதவில்லை. தலைமன்னாரில் பிறந்து, மண்டபம் அகதி முகாமில் வாழ்ந்து, நோர்வேயில் கண்மூடியவர் என்றால் இரவுப் படகைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எருக்கலம்பிட்டியில் பிறந்தவர் புத்தளத்தில் காலமானார் என்றால், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது அந்த இரண்டு ஊர்ப்பெயர்களுக்கு நடுவிலேயே கிடக்கிறது. பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுவிஸ், கனடா, மன்னார் என்று வருகிறதே, அதையும் கவனி. காணியை ஈடுவைத்து யாரை முதலில் அனுப்பினார்கள், அம்மாவைப் பார்க்க யார் நின்றார்கள் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பழக்கமும் புதிதல்ல. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் போனால் அடுப்படியில் நின்றவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காதுகொடுத்த காலம் உனக்கே தெரியும்.

பார்ப்பதும் அதுவேதான்: செத்தவீட்டு நேரலை. கீரியில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிரேதம் எடுத்தால், கோடைகாலத்தில் இங்கே ஸ்காபரோவில் விடிய ஐந்தரை. போர்வைக்குள் இருந்தபடியே துக்கம் விசாரிக்கலாம். கமராக்காரத் தம்பி பாதிநேரம் பந்தலின் தகரத்தைக் காட்டினாலும் ஒருவரும் நிறுத்துவதில்லை. பிறகு கேட்பது, யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர் ஏன் சாப்பிடாமல் போனார் என்று வட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவுகள்.

எந்த நேரமும் சாவைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வியாதி என்று நீ சொல்வாய். கலியாணத்துக்கு அழைப்பு வந்தவர்தான் போகலாம்; சாவுக்கு அழைப்பு கிடையாது, ஊர் முழுவதற்கும் உரிமை. ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த உரிமை மிஞ்சியிருக்கிற இடம் இது ஒன்றுதான். பகட்டு என்றும் சொல்வாய். அதை நான் மறுக்கமாட்டேன். உயிரோடு இருக்கையில் தொலைபேசி எடுக்காத மகனின் இலக்கம்தான் ‘தொடர்புகளுக்கு’ என்பதன் கீழே முதலாவதாக நிற்கும்.

உன் பக்கத்தில் பலமான வாதம் இன்னொன்று இருக்கிறது. வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத, கரைவலை இழுத்தே காலம் முடித்த ஒரு கிழவருக்குக் கோயில் மணி அடிக்கும், அவ்வளவுதான். இணையத்தில் அவருக்கு அறிவித்தலும் இல்லை, நேரலையும் இல்லை. நாங்கள் விழுந்து விழுந்து வாசிக்கிற இந்தச் சரித்திரத்தில் காசு அனுப்ப ஆள் உள்ளவர்கள் மட்டும்தான் சாகிறார்கள். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனபடியால் மற்றவர்களைப் பற்றி நீதான் எழுத வேண்டும்: பெயர், பிறந்த ஊர், யாருடைய மகன் என்று எல்லாம் வரட்டும். சாப்பிடாமல் போனவர் யார் என்பதையும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்