இழுப்பறை ஏசி இலக்கணம்

முகமகத் திருக்க முதுகுபுறம் போக
இடையது சுவரெனின் ஏசி யாமே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், வீட்டில் செய்த டிரெய்லரில் ஜன்னல் ஏசி எங்ஙனம் அமரவேண்டும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. நூல் வழங்கும் எல்லையை முதலில் சொல்வது மரபு. வடக்கே கனடா, தெற்கே மெக்சிகோ, கிழக்கிலும் மேற்கிலும் கடல். இவற்றுக்கு இடைப்பட்ட அமெரிக்க நாட்டின் கார் ஷெட்டுகளில், சனி ஞாயிறுகளில், மரத்தூளுக்கு நடுவே இந்நூல் வழங்கும்.

டிரெய்லர் என்று இங்கே கொள்ளப்படுவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கண்ணீர்த்துளி வடிவக் கூண்டு. 1930களில் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பத்திரிகைகளில் வந்த வரைபடங்களைப் பார்த்து அவரவரே செய்யத் தொடங்கினார்கள். தளம் பெரும்பாலும் 4 அடிக்கு 8 அடி. இதற்குப் பின்னால் தத்துவம் எதுவும் இல்லை. கடையில் பிளைவுட் அந்த அளவில் கிடைக்கிறது. உள்ளே இருவர் படுக்கலாம், உட்காரலாம். நிற்பது பற்றி நூலில் பேச்சில்லை. பின்கதவை மேலே தூக்கினால் அடுக்களை. சமைப்பவர் வெளியே நின்றுகொள்வார்.

இத்தகைய கூண்டுக்கு ஏசி எதற்கு, இயற்கையை நாடிப் போகிறவருக்கு இயற்கைக் காற்று போதாதா என்பது பூர்வபட்சம். கேட்பவர் குளிர்ப் பிரதேசத்துக்காரர் என்று கேள்வியிலிருந்தே அறியலாம். அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஜூலை மாதப் பகல் உச்சம் சராசரியாக 41 டிகிரி செல்சியஸ். ஹூஸ்டனில் டிகிரி குறைவு, புழுக்கம் அதிகம். நள்ளிரவிலும் போர்வை உடம்போடு ஒட்டும். போதாததற்கு உறங்கும் மனிதர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 70 வாட் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறார். கூரையில் 14 அங்குலச் சதுரம் வெட்டி விசிறி பொருத்தினால் போதும் என்பார் சிலர். விசிறி கொண்டுவருவது வெளிக்காற்றை. வழக்கே வெளிக்காற்றின் மேல் தொடுக்கப்பட்டிருக்கும்போது அதையே சாட்சிக்கு அழைப்பது முறையன்று.

இனி அளவு. அங்கே கடையில் எளிதாகக் கிடைக்கும் ஜன்னல் ஏசிகளில் ஆகச் சிறியது மணிக்கு 5,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும். நம் கணக்கில் அரை டன்னுக்கும் குறைவு. ஆனால் ஒரு டன் என்பது 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகி உறிஞ்சும் வெப்பம். அவ்வழியே கணக்கிட்டால், இந்தச் சின்ன ஏசி ஒரு நாள் முழுக்க ஓடிச் செய்யும் வேலை சுமார் 378 கிலோ பனிக்கட்டி செய்யும் வேலைக்குச் சமம். டிரெய்லரின் எடையே பெரும்பாலும் 450 கிலோ அளவில்தான் இருக்கும். எனவே ஏசி வேண்டாம், பழைய முறையே போதும் என்போர், பனிக்கட்டி ஏற்ற இரண்டாவது டிரெய்லர் ஒன்றும் செய்துகொள்ளக் கடவர்.

அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் பரிந்துரைப்படி 5,000 பி.டி.யு. என்பது 100 முதல் 150 சதுர அடி அறைக்கானது. நம் கூண்டு 32 சதுர அடி. ஆக, மிகச் சிறியதே மிகப் பெரிது. காற்று சட்டெனக் குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரத்தைப் பிழிந்தெடுக்க நேரம் இராது. குளிர்கிறது, ஆனால் நசநசக்கிறது என்று பயனாளர் முறையிடும் நிலை இதுவே. இதற்கு மருந்து இன்னும் சிறிய ஏசி. அது எளிதில் கிடைப்பதில்லை.

எங்கே வைப்பது என்பதில் ஆசிரியர்கள் வேறுபடுவர். கூரைமேல் வைக்கலாம் என்போர் பெரிய வண்டிகளைக் கண்டு மயங்கியவர்கள். அந்த ஏசிகள் பெரும்பாலும் 13,500 பி.டி.யு., எடை சுமார் 40 கிலோ. பின்பக்க அடுக்களையில் வைக்கலாம் என்போர் கொக்கியின் மேல் விழும் எடையை மறந்தவர்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும். சுவரில் துளையிட்டு நிரந்தரமாகத் துருத்திக்கொண்டிருக்கட்டும் என்போர் பெட்ரோல் பங்க்கில் தூணை ஒட்டி வளைந்து பார்த்ததில்லை.

சரி, துருத்தாமல் உள்ளேயே வைத்துச் சுவரில் ஒரு ஜன்னல் விட்டால் ஆகாதா? ஆகாது. நூற்பாவின் உயிர்நிலை இங்கேதான். பெரும்பாலான ஜன்னல் ஏசிகள் கண்டென்சருக்கான காற்றைப் பெட்டியின் பக்கவாட்டுச் சீப்புத் துளைகள் வழியே இழுத்து, முதுகு வழியே தள்ளுகின்றன. அந்தத் துளைகள் சுவருக்குள் சிக்கினால் ஏசி தான் விட்ட சுடுகாற்றையே திரும்ப மூச்சிழுக்கும். கம்ப்ரசர் கொதித்துத் தானே அணைந்துவிடும். ஆகவே ஏசி திண்ணையில் உட்கார்ந்த கிழவரைப் போல வீட்டோடும் தெருவோடும் ஒரே நேரத்தில் உறவாட வேண்டும். பயணத்தின்போது அவரை உள்ளே அழைத்துக்கொள்ளவும் வேண்டும். இந்த இக்கட்டில் பிறந்ததே இழுப்பறைக் கோட்பாடு: டிராயர் சேனல்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் ஏசி. முகாமில் சுவர்க்கதவைத் தூக்கி வெளியே தள்ளு. புறப்படும்போது உள்ளே இழு.

சமையலறைத் தச்சர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்கும் முன் ஒன்றைச் சிந்திக்க. அவர்கள் செய்யும் இழுப்பறை மூடியிருந்தால் போதும்; மழை உள்ளே வராமல் தடுக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை. இதற்கோ இரண்டு நிலையிலும் அடைப்பு வேண்டும். உள்ளே இருக்கையில் வெளிக்கதவைச் சுற்றி ரப்பர் பட்டை. வெளியே போனபின் ஏசியின் முகச்சட்டத்தைச் சுற்றி உட்சுவரில் இன்னொரு ரப்பர் பட்டை. இரண்டாவதை மறந்தவர்களுக்குக் கொசுக்கள் நன்றியுடையவை. வெட்டிய பிளைவுட் விளிம்பை எபாக்ஸி பூசி மூடாவிட்டால் அடுக்கடுக்காகப் பிரியும் என்பதும் இங்கே கொள்க.

நீர்செலச் சாய்க்க நிலைபெறச் சமன்செய்
இரண்டும் இயல்வது தட்டினில் மட்டே.

இது இரண்டாம் நூற்பா. தச்சருக்கும் ஏசி மெக்கானிக்குக்கும் இடையே தீராத பகை இதிலிருந்து தொடங்குகிறது. எவாபரேட்டரில் திரளும் நீர் பின்பக்கம் ஓட, ஏசி லேசாக வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது மெக்கானிக் கட்சி. அப்படிச் சேனலைச் சாய்த்தால் 18 கிலோ ஏசி முதல் வளைவிலேயே தானாக வெளியே கிளம்பும் என்பது தச்சர் கட்சி. இருவரும் சொல்வது உண்மை. சேனலை மட்டமாக வைத்து, தட்டின் மேல் மட்டும் ஏசியின் முன்பாதத்துக்கு ஆப்பு கொடுத்துச் சாய்ப்பதே இவ்வுரையாசிரியன் துணிபு. அதோடு உள்நிலைக்கு ஒன்று, வெளிநிலைக்கு ஒன்று என இரண்டு கொண்டிகள். சேனலின் உராய்வை நம்புவது கூடாது.

தேங்கும் நீரைக் கண்டு பதறி அடித்தட்டில் துளை போடும் கிளைச் சமயம் ஒன்றும் உண்டு. பல ஏசிகளில் வெளிவிசிறியின் விளிம்பில் உள்ள வளையம் அந்த நீரைத் தொட்டெடுத்துச் சூடான கண்டென்சர்மேல் வீசும். அதனால் ஏசியின் திறன் கூடும். இரவில் கேட்கும் சலசலப்பு அதுதான். துளை போட்டவருக்குச் சத்தம் நிற்கும், கூடவே அந்த ஆதாயமும்.

எப்பக்கச் சுவர்? அமெரிக்க முகாம்களில் மின் இணைப்புக் கம்பம் வழக்கமாக வண்டியின் இடப்பக்கம். நாற்காலி போட்டு உட்காரும் முற்றம் வலப்பக்கம். எனவே ஏசியின் முதுகு இடப்பக்கம் போகட்டும் என்று எல்லா ஆசிரியர்களும் ஒருமித்துச் சொல்கிறார்கள். நமக்கு இடப்பக்கம் இருப்பது அடுத்த வண்டிக்காரரின் வலப்பக்கம், அதாவது அவருடைய முற்றம் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. நம் டிரெய்லரின் வெப்பம் முழுவதும், கம்ப்ரசர் தின்னும் மின்சாரம் வெப்பமாகி அதோடு சேர்ந்து, அவர் வறுக்கும் இறைச்சியின் மேல் வீசுகிறது. வாய்பாட்டில் விடுபட்ட ஒரே மாறி அவர்தான்.

மின்சாரம் குறித்துச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓட்டத்தில் 450 வாட் அளவில் தின்னும் இந்த ஏசி, கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிவரை பயன்படுத்தினால், இன்வெர்ட்டர் இழப்பும் போக, ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். ஜெனரேட்டர் வைத்தால் தேசியப் பூங்கா விதி வரும்: 50 அடி தூரத்தில் 60 டெசிபலுக்கு மேல் கூடாது, இரவு 10 முதல் காலை 6 வரை தேவையற்ற சத்தமே கூடாது. கம்பத்தில் சொருகுவதே உத்தமம். தட்டு முழுதும் வெளியே போனாலும் இழுபடாத நீளத்துக்கு வயரைத் தளர்வாக விடவும்.

எஞ்சியது குளிர்காலம். வட மாநிலங்களில் இலையுதிர்ந்ததும் ஏசியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். தட்டும் சேனலும் கொண்டியும் டிரெய்லரிலேயே இருக்கும். அப்போது அந்தத் தட்டை வெளியே இழுத்து அடுப்பும் காப்பிக் கெண்டியும் வைத்துக்கொள்வது வழக்கு. இவ்வகை சேனல் ஒரு ஜோடி 45 கிலோ தாங்கும். காப்பிக்கு அது சற்று அதிகம்தான். ஆனால் இந்த ஒரு பருவத்தில் மட்டும் அடுத்த முற்றத்துக்காரர் தானாக வந்து பக்கத்தில் நிற்பதாகக் கேள்வி.