கோழி ஒன்று, நிறம் ஒன்று

வாசகி, ஒட்டன்சத்திரம்: எங்கள் வீட்டுக் கோழி ஒருநாள் பழுப்பு முட்டையும் மறுநாள் வெள்ளை முட்டையும் இடுகிறதே?

பக்கத்து வீட்டுக் கோழி உங்கள் கூடைக்கு வந்து போகிறது! ஒரு கோழிக்கு ஆயுள் முழுக்க ஒரே நிறம்தான். சாயல் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். பழுப்பு வெள்ளையாக மாறாது.

வாசகர், மன்னார்குடி: அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? தீவனத்திலிருந்தா?

இல்லை, பரம்பரையிலிருந்து. ஒரு முட்டை முழுசாகக் கோழிக்கு 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கும். அதில் ஓடு கட்டவே ஏறக்குறைய 20 மணி நேரம் போய்விடும். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன் சொந்த நிறம் வெள்ளை. நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டைக்கு அதற்கு மேல் பூச்சு ஏதும் கிடையாது. பழுப்பு இடும் கோழியோ, கடைசிச் சில மணி நேரத்தில் புரோட்டோபார்ஃபைரின் என்ற நிறமியைப் பூசி அனுப்புகிறது. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் பொருளுக்கு இது நெருங்கிய உறவு. மேற்பூச்சு என்பதால், பழுப்பு முட்டையை உடைத்து உள்பக்கம் பார்த்தால் வெளுப்பாகவே இருக்கும்.

சிலி நாட்டு அரௌகானா கோழியின் நீல முட்டை அப்படியல்ல. பித்தத்தில் உள்ள பச்சை நிறமியான பிலிவெர்டின் ஓடு முழுக்க ஊறியிருப்பதால் உள்ளும் புறமும் நீலம். எப்போதோ ஒரு வைரஸ் கோழியின் மரபணுவுக்குள் புகுந்து தங்கியதால் வந்த நிறம் இது. சிலியிலும் சீனாவிலும் இது தனித்தனியாகவே நடந்திருக்கிறது என்று 2013இல் கண்டறிந்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீல ஓட்டின்மேல் பழுப்புப் பூச்சு விழுந்தால்? பச்சை முட்டை.

வாசகர், சிவகாசி: காது மடலைப் பார்த்தே முட்டையின் நிறத்தைச் சொல்லலாமாமே?

பெரும்பாலும் பலிக்கும். லெக்ஹார்னுக்கு வெள்ளை மடல், வெள்ளை முட்டை. ரோட் ஐலண்ட் ரெட்டுக்குச் சிவப்பு மடல், பழுப்பு முட்டை. ஆனால் இங்கிலாந்தின் டார்க்கிங் சிவப்பு மடலை வைத்துக்கொண்டு வெள்ளை முட்டை இடும். பந்தயம் மட்டும் கட்டாதீர்கள்.

வாசகி, கடலூர்: கடக்நாத் கறுப்பு முட்டை இடுமா?

தோல், கறி, எலும்பு எல்லாம் கறுப்பு. முட்டை மட்டும் வெளிர்பழுப்பு.

வாசகி, பெருந்துறை: பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று நம்பி இரட்டை விலை கொடுக்கிறேன். சரியா?

நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், அம்மா. பழுப்பு முட்டை இடும் பண்ணை ரகங்கள் ஏராளம். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அதன் முட்டை சிறியது. சந்தன நிறத்தில், ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்டிருக்கும். ஒரே அளவில், ஒரே அடர்பழுப்பில் அட்டைக்கு 30 அடுக்கி, தினமும் அது யார் வீட்டுக் கொல்லையிலிருந்து வரும்? வெள்ளை முட்டைக்குச் சாயம் ஏற்றி விற்றவர்களும் உண்டு. வளர்ப்பவரை நேரில் தெரிந்தால் நல்ல விலை கொடுங்கள். அந்த உழைப்புக்குத் தகும். தெரியாவிட்டால் வெள்ளை முட்டையே போதும். பள்ளிச் சத்துணவில் பிள்ளைகள் சாப்பிடும் அந்த முட்டையிலும் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பழுப்பு ஓடு அதோடு ஒரு கிராம்கூடச் சேர்ப்பதில்லை.

வாசகர், தென்காசி: மஞ்சள் கரு அடர்ந்த நிறத்தில் இருக்கிறதே, அதுவும் பரம்பரைதானா?

அது மட்டும் தீவனம். கீரையும் மக்காச்சோளமும் தின்ற கோழியின் கரு நன்றாக நிறம் பிடிக்கும்.

வாசகி, உத்திரமேரூர்: என் கோழிகளின் பழுப்பு முட்டைகள் வெளுத்துக்கொண்டே வருகின்றன. சுண்ணாம்புச் சத்து குறைவா?

கிளிஞ்சல் தூள் வையுங்கள். ஓடு உறுதிப்படும், நிறம் வராது. வயதான கோழி பெரிய முட்டை இடும். அதே பூச்சு அதிகப் பரப்பில் விரவி வெளுப்பாகத் தெரியும். அதற்குக் கவலை வேண்டாம். நாய் துரத்திய பயத்திலும் வெளுக்கலாம்; இரண்டொரு நாளில் சரியாகும். ஆனால் எல்லாக் கோழிகளும் ஒரே சமயத்தில் வெளுத்து, ஓடு மெலிந்து சுருங்கிய முட்டை இட்டால் மூச்சுக்குழல் நோயாகவோ வெள்ளைக்கழிச்சலாகவோ இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெளுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: ராத்திரி டார்ச் அடித்துக் கூண்டின் இடுக்குகளைப் பாருங்கள். பகலில் அங்கே பதுங்கியிருக்கும் செள், இரவில்தான் வெளியே வந்து கோழியின் ரத்தத்தைக் குடிக்கும்.