அருவாமனைக்கு ஒரு வாக்கியம்

கீரப்பாளையத்தில் இன்ஜினீயர் ஆவது பெரிய சாதனையில்லை. பஸ் ஏறினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். ஆனால் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஸ்பானரையும் தொடாமல், கறுப்புக் கோட்டும் மாட்டாமல், கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு மனு எழுதிப் பிழைக்கிறவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் இதை விளக்க ஆரம்பித்து, பாதியில் மூச்சு வாங்கி, "மொத்தத்துல கவர்மென்ட் சம்பந்தப்பட்ட வேலைங்க" என்று முடித்துவிட்டார். பெண் வீட்டார் முகம் மலர்ந்தது. நான் ஏன் கெடுப்பானேன்?

இதற்குச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், 21 வயது, அவர்கள் வைக்கும் தேர்வில் தேர்ச்சி, இவ்வளவுதான். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க ஒரே வேலை: எல்லோருக்கும் புரிகிற பொருளை யாருக்கும் புரியாதபடி எழுதுவது.

மிகைப்படுத்தவில்லை. மனுவின் உயிர் 'கிளெய்ம்' என்கிற பகுதி. ஒவ்வொரு கிளெய்மும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு அருவாமனைக்கு ஒருநாள் எழுதிப் பார்த்தேன்: "உணவுப்பொருளைத் துண்டாக்கும் சாதனம், அதில், பயன்படுத்துபவரின் எடையால் தரையில் நிலைநிறுத்தப்படும் நீள்தளம் ஒன்றும், அதன் ஒரு முனையிலிருந்து மேலெழும் வளைந்த அலகு ஒன்றும் அடங்கும், அலகு அசையாதிருக்க, உணவுப்பொருளே அதை நோக்கி நகர்த்தப்படும்."

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதுல அருவாமனை எங்கடா இருக்கு?" என்றாள்.

அதுதான் தொழில் ரகசியம். 'காய்' என்று எழுதினால் எதிராளி பழம் நறுக்க என்று விற்பான். 'மரப்பலகை' என்றால் பிளாஸ்டிக்கில் செய்வான். ஓட்டை எல்லாவற்றையும் அடைத்து முடிக்கும்போது பொருள் உள்ளே எங்கோ மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். "எல்லாம் சரி, எழுந்திரு, கத்திரிக்கா நறுக்கணும்" என்றாள் அம்மா.

ஊரில் என் முதல் கட்சிக்காரர் பெரியப்பா. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும்; அது விழுந்து சக்கரத்தைச் சுற்றும்; சக்கரம் கரண்ட் எடுக்கும்; அந்தக் கரண்டில் மோட்டார் ஓடும். "முதல் தடவ மட்டும் கரண்ட் குடுத்தா போதும்டா." இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவை கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது சட்டத்தின் 3(ஏ) பிரிவு. சொன்னேன். வெப்ப இயக்கவியலையும் சேர்த்துச் சொன்னேன். "சட்டம் போட்டவன் பம்புசெட் வச்சிருக்கானா?" என்றார். "விவசாயத்துக்குக் கரண்ட்டே இலவசமாச்சே பெரியப்பா?" என்று மடக்கினேன். "அப்ப வெளியில விக்கலாம்." தனிமனிதர் ஆன்லைனில் மனுப்போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தப் பணத்துக்கு உரம் வாங்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இந்த வேலைக்கு ஊரில் கொஞ்சம் மரியாதை வந்தது கிளிவெக் கதையால். ரத்தப் புற்றுநோய்க்கான அந்த மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் 1998இல் மனுப்போட்டது நம் சென்னை அலுவலகத்தில்தான். 2006இல் அங்கேயே நிராகரிப்பு. உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று கம்பெனி தோற்றது. தெரிந்த மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, குணமாக்கும் சக்தி கூடியிருக்க வேண்டும் என்பது 3(டி) பிரிவு. நேற்றைய கொத்சுவைச் சுண்டவைத்துப் புதுப் பண்டம் என்று விலை சொன்னால் சிதம்பரத்துக்காரன் ஒப்புவானா? டீக்கடையில் இதைச் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். தேதியைக் கேட்டதும் சித்தப்பா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

போன சம்பாவில் வயலுக்கு எலிக்கிட்டி வைக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். வளைத்த மூங்கில், கயிறு, நடுவில் இரை; அவர் கட்டினால் எலி தப்பாது. மச்சான் ஒருத்தர் அதைப் பார்த்தே கட்டி விற்கிறாராம். காப்புரிமை வாங்கி மச்சானைத் தடுக்க வேண்டும்.

"பரம்பரை பரம்பரையா வர்ற அறிவுங்க ஐயா. 3(பி) பிரிவு. யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"யாருக்குமேவா? பெரிய பெரிய கம்பெனிக்கு?"

"அவங்களுக்கும்தான்."

"மச்சானுக்கு?"

"அவருக்கும் கிடையாது."

"அத எழுதிக் குடு தம்பி" என்றார். "அவன்கிட்ட காட்டணும்."